உக்கிரம் தணிந்தது

புதுச் சாமான் ஒன்று வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய சாமான்களுக்கெல்லாம் அவப்பெயர் வந்து சேருவதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? புது மிக்ஸி வந்த மறுநாள், சுவரிலுள்ள பிளக்கு சரியில்லை என்பார்கள். புது மருமகள் வந்த மறு வாரம், இருபத்தைந்து வருஷமாக ருசித்துச் சாப்பிட்ட மாமியாரின் ரசம் திடீரென்று நீர்த்துப் போய்விடும். வந்தவர் மேல் குற்றம் சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை. செலவு செய்தாயிற்றே!

இப்படித்தான் எங்கள் வீட்டில், என் தம்பியின் காரில் ஒரு புது ஆம்ப்ளிபயர் வந்து உட்கார்ந்துகொண்டு, எங்கள் அப்பாவின் குரலுக்கே அவப்பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது. இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போவது அந்தக் கதையைத்தான். 'காரும் கம்பியும் நமக்கெதற்கு, அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முடிவில் அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க உதவியதெல்லாம் சமையலறையில் நாம் தினமும் பார்க்கிற விஷயங்களே.

ஆடி வெள்ளிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா இருப்பது திருவானைக்காவலில். அகிலாண்டேஸ்வரியின் ஊரில் ஆடி வெள்ளி என்றால் கேட்கவேண்டுமா? விடிவதற்கு முன்பே வீதியெல்லாம் மஞ்சளும் குங்குமமும் வேப்பிலையுமாக ஜனங்கள். திருச்சி ரயிலடியில் தம்பி காருடன் காத்திருந்தான். வழக்கமாக நான் ஏறிக் கதவைச் சாத்துமுன் பாட்டுப் போட்டுவிடுகிறவன், அன்று போடவில்லை. சத்திரம் தாண்டி, காவிரிப் பாலத்தின் மேல் ஆடிக் காற்று கண்ணாடியை அறைகிற வரைக்கும் பேசாமலே வந்தான்.

"ஏண்டா, பாட்டு எங்கே?" என்றேன்.

"அதைக் கேட்காதே, அக்கா. அம்மா போடக் கூடாதுன்னுட்டாங்க" என்றான்.

விஷயம் இதுதான். எங்கள் அப்பா சங்கீத வித்வான் அல்ல. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆனாலும் நல்ல சாரீரம். 1996-ல் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டாரின் டேப் ரிகார்டரை இரவல் வாங்கி வந்து, கூடத்தில் உட்கார்ந்து மூன்று பாட்டுப் பாடிப் பதிவு செய்தார். அதில் ஒன்று முத்துஸ்வாமி தீட்சிதரின் 'ஜம்பூபதே' கீர்த்தனை. பஞ்சபூத ஸ்தலங்களில் இது அப்பு ஸ்தலம் அல்லவா? எங்கள் ஊர் ஸ்வாமியின் மேல் தீட்சிதர் யமுனாகல்யாணியில் பாடிய அந்தக் கீர்த்தனை எங்களுக்குச் சொந்தப் பாட்டு மாதிரி. அப்பா மறைந்து ஒன்பது வருஷமாகிறது. மிச்சமிருப்பது அந்த ஒரு காஸெட். தம்பி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து ஒரு பென் டிரைவில் இறக்கி, காரில் வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவை ஸ்ரீரங்கத்துக்கோ சமயபுரத்துக்கோ அழைத்துப் போகும்போது அந்தப் பாட்டுத்தான்.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். காரின் இரைச்சலில் அப்பாவின் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். உடனே பிள்ளை ஒரு கடைக்குப் போய், நாலு ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்து ஓர் ஆம்ப்ளிபயர் வாங்கி, முன்புற ஸீட்டின் அடியில் பொருத்தச் செய்து, அம்மாவை உட்கார வைத்துப் பாட்டைப் போட்டிருக்கிறான். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் அப்பாவின் குரல் வந்திருக்கிறது.

அம்மா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லையாம். "போதும்டா, நிறுத்து. டேப்பு பழசாயிடுச்சு. குரல் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னாளாம். மறுநாள் பார்த்தால், காஸெட்டை ஒரு கைக்குட்டையில் சுற்றிப் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டாளாம்.

தம்பி கடைக்கு இரண்டு முறை நடந்தான். "ஸ்பீக்கர் தாங்கவில்லை ஸார், நாலையும் மாற்றிவிடுங்கள்" என்றார்கள். இன்னும் பன்னிரண்டாயிரம் ரூபாய்! எந்தக் கடை என்று கேட்காதீர்கள். அது நம் விஷயத்துக்கு வேண்டியதில்லை. திருவானைக்காவல் கோயிலின் வெளிமதிலைக் கட்டியபோது ஈசனே சித்தராக வந்து வேலையாட்களுக்கு விபூதியைக் கூலியாகக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியது என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தக் கடைக்காரருக்கு அன்று விபூதியைக் கொடுத்திருந்தால் அது விபூதியாகவே இருந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவள். படித்ததில் பாதி மறந்துவிட்டாலும், ஒரு பாடம் மறக்கவில்லை. கோளாறு எங்கே என்று தெரியாதபோது எதையும் வாங்கக் கூடாது. ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கவேண்டும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாறுதல்தான் செய்யவேண்டும். குழம்பு ருசிக்கவில்லை என்றால் உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒரேயடியாகக் கொட்டுகிறோமா என்ன?

முதல் கேள்வி, குற்றம் பாட்டிலா, காரிலா என்பது. இதற்குக் கடையும் வேண்டாம், கருவியும் வேண்டாம். பென் டிரைவில் இருந்த பாட்டையே என் டெலிபோனில் ஏற்றி, காதில் செருகிக் கேட்கும் சிறு இயர்போன்களை மாட்டிக்கொண்டு கேட்டேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் காதில் அவற்றை வைத்தேன். அம்மாவின் கை நின்றுவிட்டது. பாட்டு முடிகிறவரைக்கும் முருங்கைக் காம்பு விரலிடுக்கிலேயே இருந்தது. "போகலையா, அப்போ?" என்று கேட்டாள். "போகலைம்மா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

சரி, டேப்பு குற்றவாளி அல்ல. அடுத்தபடியாகக் காரில் ரேடியோவைத் திருப்பினோம். 1939-லிருந்து பேசிக்கொண்டிருக்கிற திருச்சி வானொலி நிலையமும் அந்தக் காரில் அதே கூழாங்கல் குரலில் பேசியது! ஆகவே பென் டிரைவையும் விலக்கியாயிற்று. உங்கள் வீட்டுக் காரிலும் முதலில் இதைத்தான் செய்யவேண்டும். இரண்டு மூன்று விதமான பாட்டுக்களைப் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கரகரத்தால் அந்தப் பதிவே மோசம். எல்லாம் கரகரத்தால் கோளாறு அதற்கப்பால்.

இரண்டாவது கேள்வி, எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்பது. ஸ்டீரியோவிலேயே சத்தத்தை இடம் வலமாகவும், முன் பின்னாகவும் தள்ளுவதற்கு வழி இருக்கும். ஒவ்வொரு மூலையாகத் தள்ளிக் கேட்டோம். ஒரே ஒரு மூலை மட்டும் கரகரத்தால் அந்த ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்திருக்கலாம், கம்பி தளர்ந்திருக்கலாம், அல்லது கதவின் தகரமே சேர்ந்து அதிரலாம். எங்கள் காரில் நாலு மூலையும் ஒரே மாதிரி கரகரத்தன. நாலு ஸ்பீக்கர்கள் ஒரே நாளில் ஒற்றுமையாகக் கெட்டுப்போவது என்பது, நாலு ஓரகத்திகள் ஒரே புடவையைத் தேர்ந்தெடுப்பது போல. நடக்கக் கூடாததல்ல, நடப்பதில்லை. எனவே பன்னிரண்டாயிரம் ரூபாய் அங்கேயே மிச்சம்.

மூன்றாவது கேள்வி, இஞ்சினை நிறுத்தினால் என்ன ஆகிறது? நிறுத்திப் பார்த்தோம், மாறுதலில்லை. இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சில கார்களில் பாட்டுக்குப் பின்னால் ஒரு வண்டு ரீங்காரம் கேட்கும். வேகம் கூடக்கூட அதன் சுருதியும் ஏறிக்கொண்டே போகும். அது காரில் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம். பாட்டைக் கொண்டுவரும் மெல்லிய கம்பியை, பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தாலோ, பூமிக் கம்பியைச் சரியாகப் பிணைக்காமலிருந்தாலோ அது உள்ளே புகுந்துவிடும். 1930-ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டரோலா என்ற பெயரில் காருக்கென்றே ரேடியோ விற்கத் தொடங்கிய காலத்திலேயே, இஞ்சினின் மின்பொறிச் சத்தம் ரேடியோவில் புகாமல் தடுப்பது பெரிய பாடாக இருந்தது. எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மிஞ்சியது ஸீட்டுக்கு அடியில் இருந்த புது விருந்தாளி.

கோளாறைச் சொல்லுமுன், கரகரப்பு என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். இட்லித் தட்டில் குழி வழிய மாவை ஊற்றிவிட்டால் என்ன ஆகும்? மாவு உப்பி எழும்பி, மேல் தட்டில் முட்டி, உருண்டையாக வரவேண்டிய இட்லி தலை சப்பையாகிவிடும். சங்கீதமும் மேடும் பள்ளமுமான அலைதான். ஆம்ப்ளிபயருக்குள் அந்த அலை எழும்புவதற்கு ஓர் உயரம் உண்டு. அதற்குமேல் எழும்பப் பார்த்தால் தலை வெட்டுப்பட்டுச் சப்பையாகிவிடும். அந்தச் சப்பை அலைதான் காதுக்குக் கரகரவென்று விழுகிறது.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. சப்பையான அலை ஸ்பீக்கருக்குள்ளிருக்கும் சன்னக் கம்பிச்சுருளை அதிகமாகச் சூடாக்கும். கீச்சுச் சத்தங்களுக்கென்று வைத்திருக்கும் குட்டி ஸ்பீக்கர்கள் முதலில் கருகிவிடும். கரகரப்பைப் பொறுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினால், கடைக்காரர் சொன்ன பன்னிரண்டாயிரம் ரூபாய் ஒருநாள் உண்மையாகவே ஆகிவிடும்.

தம்பி ஸீட்டை முன்னே தள்ளினான். ஆம்ப்ளிபயரின் பக்கவாட்டில் சிறு திருகுகள் சில தெரிந்தன. அவற்றில் 'கெயின்' என்று எழுதியிருந்ததை எவரோ கடைசிவரை திருகி வைத்திருந்தார்கள்.

"சத்தம் நிறைய வரணும்னு நான்தான் சொன்னேன்" என்று தம்பி தலையைச் சொறிந்தான்.

இந்த இடத்தில்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். கெயின் என்பது சத்தத்தைக் கூட்டும் திருகு என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மையில், ஸ்டீரியோவிலிருந்து வரும் பாட்டு எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று ஆம்ப்ளிபயருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிற அளவு அது. கடைசிவரை திருகினால், 'வருவது மிகமிகச் சின்னது, நீ ரொம்பப் பெருக்கவேண்டும்' என்று அர்த்தம். ஆழாக்கு அரிசிதான் வரும் என்று ஆழாக்கை நீட்டிக்கொண்டு நிற்பவளிடம், ஒரு படி அரிசியைக் கொட்டினால்? ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. மீதி ஏழும் தரையில்தான்.

அதோடு போயிற்றா? ஆம்ப்ளிபயரில் அடித்தொனியைக் கூட்டும் திருகு முழுக்கத் திருகியிருந்தது. ஸ்டீரியோவிலும் அடித்தொனி கூட்டியிருந்தது. போதாக்குறைக்கு 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தானும் அமுங்கியிருந்தது. மாமியார் ஒரு தரம், மருமகள் ஒரு தரம், விருந்துக்கு வந்த நாத்தனார் ஒரு தரம் என்று ஒரே சாம்பாருக்கு மூன்று பேர் உப்புப் போட்ட கதை.

எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். நீங்களும் செய்வதானால் கிரமம் இதுதான். ஸ்டீரியோவில் அடித்தொனி, கீச்சுத்தொனி இரண்டையும் நடுவில் வையுங்கள். லவுட்னஸை அணையுங்கள். ஆம்ப்ளிபயரில் அடித்தொனித் திருகைச் சுழியிலும், கெயினைக் குறைந்தபட்சத்திலும் வையுங்கள். நன்றாகப் பழகிய, சுத்தமான ஒரு பாட்டைப் போட்டு, ஸ்டீரியோவின் சத்தத்தை முக்கால் பங்குக்கு உயர்த்துங்கள். பிறகு கெயினை அரிசி மணி அளவாக மெள்ள மெள்ள ஏற்றுங்கள். பாட்டின் உச்சமான இடத்தில் எப்போது லேசாகப் பிசிறு தட்டுகிறதோ, அங்கேயிருந்து கொஞ்சம் பின்வாங்கி நிறுத்துங்கள். அப்புறம் அந்தத் திருகை மறந்துவிடலாம். சத்தம் கூட்டுவதும் குறைப்பதும் ஸ்டீரியோவில்தான்.

அகிலாண்டேஸ்வரி ஒரு காலத்தில் அடியார்கள் நெருங்கமுடியாத உக்கிரத்தோடு இருந்தாள் என்றும், ஆதிசங்கரர் ஸ்ரீசக்கர வடிவான தாடங்கங்களை அம்பாளின் செவிகளில் அணிவித்து அந்த உக்கிரத்தைத் தணித்தார் என்றும் எங்கள் ஊர் ஐதீகம். அம்பாளின் சக்தியில் அணுவளவும் குறையவில்லை. நெருங்கிப் போய்க் கும்பிட முடிகிறது, அவ்வளவுதான். கெயினைக் குறைத்ததும் காரில் நடந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தாடங்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது. சத்தம் குறைந்துபோகும் என்று பயந்தான் தம்பி. ஆனால் வார்த்தைகள் புரிந்தன. வார்த்தை புரிகிறபோது சத்தம் போதவில்லை என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. ஸ்டீரியோவைப் பாதிக்குமேல் உயர்த்தினால் மறுபடியும் லேசான கரகரப்பு. தம்பி ஆம்ப்ளிபயர் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து வந்தான். அதற்குள் ஒரு சின்ன வெள்ளைச் செருகி, வாலாகத் தொங்கும் கம்பிகளுடன், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது. பார்த்ததும் விளங்கிவிட்டது.

எங்கள் காரின் ஸ்டீரியோ காரோடு வந்தது. ஆம்ப்ளிபயருக்குப் பாட்டு கொடுப்பதற்கென்று அதில் தனி வாய் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியிலிருந்தே பாட்டை எடுக்கவேண்டும். அந்தக் கம்பியில் வருவது ஏற்கனவே ஸ்டீரியோ ஒரு தரம் பெருக்கிய பாட்டு. சத்தம் கூட்டினால் 8 வோல்ட் வரைக்கும் போகக்கூடியது. அதை வாங்குவதற்கென்றே ஆம்ப்ளிபயரில் தனி வாசல் உண்டு. அதற்கான சாவிதான் அந்த வெள்ளைச் செருகி. கடையிலே அவசரத்தில் அதை விட்டுவிட்டு, 2 வோல்ட் போல வரும் மெல்லிய பாட்டுக்கான ஆர்.சி.ஏ. வாசலில் ஸ்பீக்கர் கம்பிகளை முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். கொதிக்கக் காய்ச்சிய பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினால் பொங்காமல் என்ன செய்யும்? இப்படிச் சேர்ப்பதால் சில ஸ்டீரியோக்களே பழுதாவதும் உண்டு. தனி வாசல் இல்லாத ஆம்ப்ளிபயராக இருந்தால், நடுவில் ஒரு சிறு மாற்றுப் பெட்டி வைத்துப் பாட்டின் அளவைக் குறைத்துக் கொடுக்கவேண்டும்.

கம்பி வேலையை நாங்கள் தொடவில்லை. தெருக்கோடியில் கார் மின்சார வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினார். பிறகு ஆம்ப்ளிபயருக்குப் போகும் சிவப்புக் கம்பியை, பாட்டரியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஸீட் வரைக்கும் வந்து நிமிர்ந்தார்.

"பியூஸ் எங்கே தம்பி?" என்றார்.

பியூஸ் இல்லை.

சகோதரிகளே, இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் துணிந்தேன். கரகரப்பு காதோடு போகும், இது அப்படியல்ல. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். நம் வீட்டு 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் ஓடும்போது எடுக்கும் மின்சாரம் சுமார் 3 ஆம்பியர். ஆனால் காரில் இருப்பது 12 வோல்ட். இஞ்சின் ஓடும்போது 14-க்குக் கிட்டத்தட்ட. ஸ்பீக்கர் ஒன்றுக்கு 50 வாட் வீதம் நாலுக்குக் கொடுக்கும் சாதாரண ஆம்ப்ளிபயர், முழு மூச்சில் பாடும்போது 24 ஆம்பியர் வரைக்கும் இழுக்கலாம். மிக்ஸியைப் போல் ஏழு மடங்கு! ஒரே கம்பியில் மின்னோட்டம் ஏழு மடங்கானால் சூடு ஏழு மடங்கல்ல, சுமார் 50 மடங்கு. அந்தக் கம்பி இஞ்சின் பக்கத்துத் தகரத் துவாரத்தின் வழியாக உள்ளே வருகிறது. வண்டியின் அதிர்ச்சியில் உறை தேய்ந்து தகரத்தில் பட்டுவிட்டால், பாட்டரியின் முழுச் சக்தியும் அந்தக் கம்பி வழியே பாயும். நடுவில் பியூஸ் இருந்தால் அது மட்டும் போகும். இல்லாவிட்டால், நம் குழந்தைகளின் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே அந்தக் கம்பி பழுக்கும்.

எங்கள் வீட்டில் ஆறு வாரமாக அப்படித்தான் அம்மாவை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறோம். தம்பி அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியவர் பாட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள்ளாகவே பியூஸ் வைத்தார். கம்பி எவ்வளவு தாங்குமோ அதற்குத் தக்க பியூஸ். ஆம்ப்ளிபயர் பெரியதென்று பெரிய பியூஸ் அல்ல. தகரத் துவாரத்தில் ரப்பர் வளையம் போட்டார். கம்பியும் போதாது என்று தடித்த செப்புக் கம்பியாக மாற்றினார். இதற்கும் கரகரப்புக்கும் சம்பந்தம் உண்டு. மெல்லிய கம்பியில் மின்சாரம் பாதி வழியிலேயே இளைத்துவிடும். மிருதங்கத்தில் ஓர் அடி விழும்போது ஆம்ப்ளிபயருக்குத் தேவையான மூச்சு கிடைக்காமல் அலை சப்பையாகும். ராத்திரியில் தாளத்துக்குத் தாளம் காரின் விளக்கு மங்கினால் அதுதான் அடையாளம்.

கடைசியில் பூமிக் கம்பி. அதை ஸீட்டின் போல்ட்டில், வர்ணத்தின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார்கள். வர்ணம் மின்சாரத்துக்குத் திரை. பெரியவர் தகரத்தைப் பளபளவென்று சுரண்டி, தனியாக ஒரு போல்ட் போட்டு, கம்பியைக் குட்டையாக நறுக்கிப் பிணைத்தார். கதவிலுள்ள சின்ன ஸ்பீக்கர்கள் தாங்கமுடியாத அடித்தொனி அவற்றுக்குப் போகாதபடி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டும் திருகையும் வைத்தார். ஆறங்குல ஸ்பீக்கரிடம் தவில் முழக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை அல்லவா?

எல்லாம் சேர்த்து ஆன செலவு, புது ஸ்பீக்கர்களுக்குச் சொன்னதில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை. அதிலும் பெரும்பாகம் செப்புக் கம்பிக்கு.

இனி, உங்கள் வீட்டுக் காரில் இப்படி ஏதாவது பொருத்தினால், பொருத்தியவரிடம் நாலே கேள்விகள் கேளுங்கள். பாட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்தீர்களா? கம்பி தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் போட்டீர்களா? பூமிக் கம்பியை வர்ணம் சுரண்டிப் பிணைத்தீர்களா? பெட்டியில் வந்த செருகி ஏதாவது மிச்சம் இருக்கிறதா? கேட்பவர் ஸ்திரீயாக இருந்தால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காட்டச் சொல்லிக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பியூஸ் போய்விட்டால் வெள்ளிக் காகிதம் சுற்றிப் போடுகிற சாமர்த்தியசாலிகளைக் காருக்கு அருகில் விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கரகரப்புப் போய்விட்டால் சத்தம் எவ்வளவு இருக்கிறது என்று காதுக்குத் தெரியாது. சுத்தமான சத்தம் தேனாக இறங்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெஸிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெஸிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். அடைத்த காருக்குள் பின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காருவது பெரும்பாலும் குழந்தைகள்தான். பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் கேட்கக் கத்தவேண்டியிருந்தால், பாட்டு அதிகம் என்று அர்த்தம். ஆடி மாதத்துக் கூம்பு ஒலிபெருக்கிகள் அம்மன் பாட்டைக் கரகரக்க வைப்பதும் இந்தச் சப்பை இட்லிக் காரணத்தால்தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவற்றுக்குப் பொதுவில் தடை உண்டு என்று 2000-ம் வருஷத்து விதிகளே சொல்கின்றன. ஆனால் மீதிப் பதினாறு மணி நேரத்துக்கு யாராவது போய் அந்தக் கெயினைக் குறைத்து வைத்தால் அம்மனுக்கே புண்ணியமாக இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் என்னை ரயிலேற்ற எல்லோருமாகப் புறப்பட்டோம். அம்மா பீரோவைத் திறந்து காஸெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காரில் அதைப் போட வழி கிடையாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எடுத்துக்கொண்டாள்.

காவிரிப் பாலத்தில் வண்டி ஏறியபோது 'ஜம்பூபதே' ஆரம்பமாயிற்று. ஆற்றில் ஆடிப் புதுவெள்ளம். அப்பாவின் குரல், 1996-ல் எங்கள் கூடத்தில் கேட்டபடியே கேட்டது. பின்னணியில் ஒரு சைக்கிள் மணி கூட ஒலித்தது. இத்தனை வருஷமாக அதை நாங்கள் கவனித்ததேயில்லை. சரணத்தில், மேல் ஸ்தாயிக்குப் போகிற ஓர் இடத்தில் மட்டும் குரல் லேசாகப் பிசிறு தட்டியது. தம்பி பதறிப்போய்க் கெயினைக் குறைப்பதற்குக் குனிந்தான்.

"அதை விடுடா" என்றாள் அம்மா. "அந்த இடம் வந்தா உங்கப்பா மைக்குக்கிட்ட குனிஞ்சிடுவார். நான் அப்பவே சொன்னேன், தள்ளி உட்காருங்கன்னு. கேட்டாத்தானே?"